ரெண்டு ஆள் மைலேஜ்

லிட்டருக்கு முப்பத்தொன்று என்று வந்தபோது அழகுராஜா முதலில் தன்னுடைய வகுத்தலைத்தான் சந்தேகப்பட்டான். பைக்கைத் தனியாக ஓட்டினால் முப்பத்தைந்து, மனைவி ரோகிணி பின்னால் உட்கார்ந்தால் முப்பத்தொன்று. டேங்கைக் கழுத்து வரை நிரப்பி, ட்ரிப் மீட்டரை சைபருக்குக் கொண்டுவந்து, ஓட்டிவிட்டு மறுபடி நிரப்பி, மூன்று மாதமாக அவன் நோட்டில் எழுதிவைத்த நம்பர்கள் அவை. ஞாயிற்றுக்கிழமை நண்பன் பாண்டிராஜ் வீட்டுக் கிடாவெட்டுக்குப் போய்விட்டு, உசிலம்பட்டியில் டேங்கை நிரப்பிக்கொண்டு விளாங்குடிக்குத் தனியாகத்தான் திரும்பினான். வீட்டுப் பக்கத்து பெட்ரோல் பங்கில் மறுபடி நிரப்பிப் பார்த்தால் முப்பத்தொன்று. போனில் மூன்று தடவை தட்டிப் பார்த்தான். மூன்று தடவையும் அதே பதில்தான் வந்தது.

வேறு யாராக இருந்தாலும் எதிர்க்காற்று என்று சொல்லிவிட்டுத் தூங்கியிருப்பார்கள். அழகுராஜா ஏசி மெக்கானிக். கேஸ் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து பார்க்காமல் எந்த மிஷினையும் மூடாத ஆள். அதுவுமில்லாமல் ஜூலையில் அவனும் ரோகிணியும் லடாக்கில் லே வரைக்கும் இதே வண்டியில் போவதாக இருந்தார்கள். மலைக்குள் ஒரு பங்கை விட்டால் அடுத்த பங்குக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும் என்று போய்வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். பதின்மூன்று லிட்டர் டேங்க். ஏற்றத்தில் மைலேஜ் விழும். நடுவில் நின்றுபோனால் பனியில் அவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பொண்ணு பார்க்க வந்தபோதுகூட என்னை இப்படித் துருவிப் பார்க்கவில்லை என்று ரோகிணி கிண்டலடிப்பாள். ஊரில் ஓட்டிப் பழகிய எலெக்ட்ரிக் ஸ்கூட்டரைத் தவிர வேறெதிலும் தூரம் போகாதவள், அவனை நம்பித்தான் வருகிறாள். அந்த நம்பிக்கைதான் அவனைப் பாடாய்ப் படுத்தியது.

மறுநாள் வேலைக்கு மாட்டுத்தாவணிப் பக்கம் தனியாகப் போய்வந்தான். முப்பத்தொன்று. புதன்கிழமை ரோகிணியோடு அழகர்கோவில் போய்வந்தான். இருபத்தேழு. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்த எண்ணையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்தேழு என்றால் மூன்று ஆள்.

அதற்குப் பிறகு அவனுக்கு வண்டியில் நிம்மதி போய்விட்டது. சிக்னலில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம், பின்னால் இருப்பவர் சறுக்கி வந்து முட்டுவதுபோல முதுகில் ஒரு அழுத்தம் விழுந்து, கிளம்பியதும் மெதுவாக விலகியது. ஹெல்மெட்டுக்குள் பெட்ரோல் வாசத்தையும் மீறி, ஆறிப்போய்க் கொழுப்பு உறைந்த கறிக்குழம்பின் வாடை காதோரமாக வந்து வந்து போனது. மடக்கிவிட்டுப் போன பின் ஃபுட்ரெஸ்ட், டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் விரிந்து கிடந்தது. பின்னால் திரும்பிப் பார்க்கக் கூசியது. கண்ணாடியை வானத்தைப் பார்க்கிற மாதிரி திருப்பிவைத்துக்கொண்டு ஓட்டினான்.

பாண்டிராஜ் வாடிப்பட்டியில் டூவீலர் பட்டறை வைத்திருப்பவன். ஏர் ஃபில்டர், பிளக், செயின், பிரேக் என்று ஒன்று விடாமல் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். அவன் அம்மா ஒச்சாயி ஞாயிற்றுக்கிழமை தூக்குவாளியில் கறி கொடுத்துவிட்டபோது மூடிமேல் வைத்த இரும்பாணி எங்கே என்று கேட்டான். ஒத்தையில் கறி கொண்டு போகிறவர்கள் கையில், காத்துக் கருப்பு அண்டாமலிருக்க இரும்பைக் கொடுத்துவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். புது சைடு பேக்கைக் கிழித்துவிடுமே என்று, ஓடைப்பாலம் தாண்டும்போது அதை எடுத்து வீசியதை அழகுராஜா சொன்னான்.

"வண்டியில ஒரு கோளாறும் இல்ல மாப்ள," என்றான் பாண்டிராஜ். "நீ ஒத்தையில போகல. அம்புட்டுத்தான்."

அங்கேயே ஒச்சாயிக்குப் போன் போட்டார்கள். அவர் பதறவில்லை, திட்டவும் இல்லை. வண்டியை நீயாக நிறுத்தினால் அது இறங்காது, கூடவே வரும். எண்ணெய் தீர்ந்து வண்டி தானாக நின்றால்தான் இறங்கும் என்றார். இறங்கின இடத்திலேயே நிற்கும், அடுத்து ஒத்தையில் வருகிற ஆளோடு ஏறிக்கொள்ளும்.

"ஆள் பொழங்காத எடமாப் பாத்து விடுய்யா," என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

அழகுராஜாவுக்கு உயிர் வந்தமாதிரி இருந்தது. எண்ணெய் எங்கே தீரும் என்று சொல்வதுதானே அவன் மூன்று மாதமாகப் படித்த படிப்பு. விக்கிரமங்கலம் தாண்டி மலையடிவாரத்தில் ஆடு மாடுகூடப் போகாத ஒரு தரிசு அவனுக்குத் தெரியும். சோழவந்தான் வழியாக, வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம். ரெண்டு ஆள் மைலேஜுக்கு சரியாக ஒரு லிட்டர். வெள்ளிக்கிழமை மதியம் டேங்கை ஒட்ட உறிஞ்சி எடுத்துவிட்டு ஒரு லிட்டரை அளந்து ஊற்றினான். திரும்பி வருவதற்கு இன்னொரு லிட்டர் பாட்டிலில். ரோகிணி சோழவந்தானில்தான் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். அவளிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் பயந்துகொண்டு லே பயணமே வேண்டாம் என்பாள்.

மூன்றரை மணி வெயிலில் சமயநல்லூர் தாண்டித் தேனூர் ரோட்டில் திரும்பியபோது வண்டி மூச்சு வாங்கியது. இரண்டு பக்கமும் வயல், அதற்கு அப்பால் தென்னை, ரோட்டில் ஈ காக்கை இல்லை. நாலாவது கியரில் இழுக்கவில்லை. மூன்றுக்கு இறக்கினான். அதற்கும் இழுக்கவில்லை. முன்சக்கரம் தரையில் பாவாமல் மிதந்தது, பின்பக்கம் மட்கார்டில் டயர் உரசி ரப்பர் கருகியது, முதுகோடு ஏதோ ஒன்று முழுசாக ஒட்டிக்கொண்டு மூச்சே இல்லாமல் சாய்ந்திருந்தது. முந்தாநாள் இருந்த எடை இல்லை இது. ஏறிக்கொண்டே இருந்தது.

பதினேழாவது கிலோமீட்டரில் இன்ஜின் இருமியது.

இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சினான். வண்டியிடம் கெஞ்சினானா பின்னால் இருந்ததிடம் கெஞ்சினானா என்று அவனுக்கே தெரியாது. வண்டி உருண்டு ஒரு மதகுப் பக்கத்தில் நின்றது. காற்றில்லை. இடுப்பை இறுக்கியிருந்த எதுவோ தளர்ந்தது. சீட்டின் பின்பாதி மெல்ல, மிக மெல்ல, மேலே எழும்பியது. ஓரத்து மண்ணில் இரண்டு காலை ஊன்றுகிற சத்தம்.

அவன் திரும்பவில்லை. பாதி டேங்கில் பாதி தொடையில் என்று பெட்ரோலை ஊற்றினான். ஸ்டார்ட்டரை அழுத்தினான். வண்டி துள்ளிக்கொண்டு பறந்தது.

சோழவந்தான் போய்த்தான் நிறுத்தினான். ஒரு கடையில் கோலி சோடா வாங்கிக் குடித்தான். கண்ணில் நீர் வந்தது, சிரிப்பும் வந்தது. இனிமேல் முப்பத்தைந்துதான். ஜூலையில் பனியைக் காட்டிவிடலாம் அவளுக்கு. கடைக்காரரிடம் தேவையே இல்லாமல் மழை வருமா என்றெல்லாம் பேசினான். அப்போது சீருடைப் பிள்ளைகள் நாலைந்து பேர் மிட்டாய் வாங்க வந்தார்கள்.

மணி நாலே கால்.

அவள் வீட்டுக்குத் திரும்புகிற ரோடு அதுதான். தினமும். ஒத்தையில்.

அவளுக்குப் போன் போட்டான். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டாள். பள்ளிக்கூட வாசலில் வாட்ச்மேன், டீச்சர் இப்பத்தானே போனாங்க என்றார். வந்த வழியே விரட்டினான். பிள்ளையார் பெயரை, ஐயனார் பெயரை, ஞாபகத்தில் வந்த எல்லாப் பெயரையும் சொன்னான். மதகு வந்தது. மதகுப் பக்கம் யாரும் இல்லை. அது இன்னும் அங்கேயே நின்றிருக்கக்கூடாதா என்று அழுதான்.

அரை கிலோமீட்டர் தாண்டி அவளுடைய வெள்ளை ஸ்கூட்டர் தெரிந்தது. நடந்து போகிறவர்கள் முந்திவிடுகிற வேகத்தில் அது போய்க்கொண்டிருந்தது. பின்சக்கரம் பாதி உள்ளே அமுங்கியிருந்தது. ரோகிணி சீட்டின் முன்நுனியில், பின்னால் தாராளமாக இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள். முகம் பாதி பின்னால் திரும்பியிருந்தது. பேசிக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டு.

பக்கத்தில் போனான். ஹாரன் அடித்தான். பெயர் சொல்லிக் கத்தினான். ஒரு முழம் தள்ளி வந்துகொண்டிருந்தவனை அவள் பார்க்கவே இல்லை. காலியான பின்சீட்டைத்தான் பார்த்தாள்.

"என்னங்க," என்றாள் அதனிடம், அவனை மட்டுமே கூப்பிடுகிற குரலில். "இம்புட்டு இறுக்கியா பிடிப்பீங்க?"

அவள் இடுப்பின் இரண்டு பக்கமும் சுடிதார்த் துணி கொத்தாகச் சுருண்டு, விரல் விரலாக உள்ளே அழுந்தியிருந்தது.