இரவல் நீர்

பாளையங்கோட்டையில் ஒரு வார்டுப் பிள்ளைகள் காலையில் ஒன்றுக்குப் போவதைக் கணக்கெடுப்பது என் வேலை. சிரிக்காதீர்கள், அரசு உத்தியோகம்தான். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருக்கும் ஒவ்வொரு வீட்டுக் கழிப்பறையிலும் நீருணரி என்ற சென்சாரைப் பதித்திருக்கிறோம். பிள்ளை எழுந்து போனதும் அதன் பெயர் என் திரையில் பச்சையாகும். எல்லாப் பெயரும் பச்சையான பிறகுதான் எனக்கு டீ இறங்கும்.

கெட்ட சாப்பாட்டில் வரும் ஒரு கிருமி, ஒரே கோடையில் ஊரின் பாதிப் பிள்ளைகளுடைய சிறுநீரகங்களைக் கெடுத்துவிட்டுப் போனது. அதன் பிறகு வந்த சட்டம் இது. கிருமியின் நஞ்சு தெரிந்தால் பெயர் சிவப்பாகும். நான் பொத்தானை அமுக்க வேண்டும். இருபது நிமிடத்தில் வண்டி வரும். பிறகு பதினான்கு நாள் காப்பகம். பெற்றோர் கூடப் போக முடியாது, போனில் விசாரிக்கவும் முடியாது. பெரும்பாலான பிள்ளைகள் திரும்பி வருகிறார்கள். வராத பிள்ளைகளின் உடுப்பு வரும். "நேரத்துக்குப் போனா பொழச்சிரும்மா" என்று எத்தனையோ தாய்மாரிடம் சொல்லியிருக்கிறேன். மனதாரத்தான் சொன்னேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் என் மகள் கனியின் பெயர் பச்சைதான். அவள் எழுமுன்பே வேலைக்குக் கிளம்பிவிடுவேன், திரும்பும்போது தூங்கியிருப்பாள். அவளைப் பார்க்க எனக்கிருந்தது அந்தப் பச்சை மட்டுமே. ஆசைக்கு அதைத் தொட்டுத் திறந்தேன். உள்ளே ஓர் அபூர்வச் சர்க்கரையின் சுவடு. பிறவியிலேயே வருவது, கெடுதல் இல்லாதது, இயந்திரம் அதைச் சட்டை செய்யாது. ஆனால் எங்கள் வார்டில் அது ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் உண்டு. பக்கத்து வீட்டுச் செண்பகத்தின் மகள் மாரிச்செல்விக்கு.

முந்தைய நாட்களைப் புரட்டினேன். நான்கு நாளாக என் மகள் பெயரில் மாரிச்செல்வியின் சிறுநீர். போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடினேன்.

என் கணவர் இசக்கிராஜா கதவைப் பாதி திறந்தார். கையில் செம்பு. உறைமோர் வாங்கப் பக்கத்து வீட்டுக்கு எடுத்துப் போகிற செம்பு.

"எத்தன நாளா இது?"

"வெள்ளிக்கெழம பிள்ளைக்கு வயித்தால போச்சு. ரத்தமா போச்சு. பெறவு நின்னுட்டு. நல்லாத்தான் இருக்கா."

"நின்ன பெறவுதான் கிட்னியப் பிடிக்கும்னு ஊருக்கெல்லாம் சொல்லுதேன், வீட்ல கேக்க ஆளில்ல. கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனா?"

அவர் தரையைப் பார்த்தார். "முந்தாநேத்து."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒங்கிட்ட சொன்னா நீ அமுக்கிருப்ப. பிள்ளய வண்டில ஏத்திருப்ப."

அவரை விலக்கிவிட்டு உள்ளே போனேன். கனி சுவரோரம் படுத்திருந்தாள். இமைகள் வீங்கி, முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் மெதுவாகச் சிரித்தாள்.

"அம்மா, நான் இப்ப மாரிச்செல்வியாம். வண்டி வராதாம். அப்பா சொன்னாவ."

அவள் நெற்றியில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறு கையால் என் போனிலிருந்த பொத்தானை அமுக்கினேன்.

பதினெட்டாவது நிமிடம் வண்டி வந்தது. தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. முகமூடி போட்ட பெண் கனியைத் தூக்கியபடி, "நேரத்துக்குப் போனா பொழச்சிரும்மா" என்றாள். கனி அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

வீட்டில் அவர் முகத்தைப் பார்த்து உட்கார முடியாமல் மறுநாளும் வேலைக்குப் போனேன். பெயர்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. அவற்றில் எத்தனை இரவல் என்று திறந்து பார்க்க எனக்குத் துணிவில்லை. ஆறு ஐம்பதுக்குக் கனியின் பெயரும் பச்சையானது.

அவருக்குப் போன் போட்டேன். "என்ன செஞ்சீங்க?"

"பச்சையாவே இருந்தா திருப்பி அனுப்பிருவாவல்லா?" என்றார். "பதினாலு நாளும் ஊத்துவேன்."

பொய்ப் பதிவை அந்தக் கணமே நீக்க வேண்டும் என்பது விதி. நீக்கினால் அவள் பெயரும் திரையிலிருந்து போய்விடும். நான் விரலை எடுத்துக்கொண்டேன். அடுத்த நாள் ஆறு ஐம்பதுக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று எண்ணத் தொடங்கினேன்.