இரண்டு வாளி நீலம்

புள்ளிக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் அவளுடைய அம்மாவின் தொழில். அம்மா வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். பள்ளி விட்டதும் புள்ளி அம்மா வேலை செய்யும் இடத்துக்கு ஓடிவிடுவாள். முழங்கையிலோ காது மடலிலோ எப்போதும் ஒரு பொட்டுப் பெயின்ட் ஒட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் ஒன்று மட்டும் தப்பித்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஏழாம் வகுப்பில் கணக்கு விடைத்தாள் கொடுத்தார்கள். விகிதமுறு எண்கள் பாடம். எண்கோட்டில் பூஜ்யத்துக்கு அந்தப் பக்கம் எது, இந்தப் பக்கம் எது என்பதையெல்லாம் புள்ளி சரியாகவே போட்டிருந்தாள். ஆனால் இருப்பதிலேயே எளிதான கேள்வியில் கோட்டை விட்டிருந்தாள். 1/2 + 1/3 என்ற கேள்விக்கு அவள் எழுதிய விடை 2/5. அதன் மேல் சிவப்பு மையில் பெரிதாக ஒரு தப்புக் குறி.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி எட்டிப் பார்த்தாள். எதற்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி கேட்பதால் அவளுக்கு வகுப்பில் வக்கீல் என்று பெயர்.

"மேல இருக்கறதை மேல கூட்டி, கீழ இருக்கறதைக் கீழ கூட்டிட்டியா?"

"ஆமா. எங்கம்மா பெயின்ட் கலக்கறப்ப அப்படித்தான் வரும். ஒரு வாளியில ரெண்டு டப்பா பெயின்ட், அதுல ஒண்ணு நீலம். இன்னொரு வாளியில மூணு டப்பா, அதுலயும் ஒண்ணு நீலம். ரெண்டையும் ஒண்ணா ஊத்தினா மொத்தம் அஞ்சு டப்பா, ரெண்டு நீலம். அஞ்சுல ரெண்டு. இதுல என்ன தப்பு?"

வக்கீல் கன்னத்தில் கை வைத்து யோசித்தாள். "அஞ்சுல ரெண்டு, பாதியை விடப் பெருசா சின்னதா?"

"சின்னது."

"பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா, அது எப்படிப் பாதியை விடச் சின்னதாகும்?"

புள்ளி விடைத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து முழித்தாள்.

விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு கணக்கு டீச்சரிடம் போய் வாளிக் கணக்கைச் சொன்னாள். டீச்சர் முழுதும் கேட்டுவிட்டு, பேனாவால் நெற்றியைத் தட்டிக்கொண்டார்.

"நான் கேட்டதுக்கு விடை 5/6தான். ஆனா உன் வாளிக் கணக்கும் தப்புன்னு சொல்ல முடியல. ரெண்டும் எந்த இடத்துல பிரியுதுன்னு கண்டுபிடிச்சிட்டு வா. திங்கக்கிழமை பேசலாம்."

புள்ளிக்கு மண்டை குடைந்தது. அன்று சாப்பிடும்போதும் அதே நினைப்பு, பல் விளக்கும்போதும் அதே நினைப்பு.

மறுநாள் சனிக்கிழமை. பல் டாக்டர் ஒருவர் புதிதாகத் திறக்கப்போகும் மருத்துவமனையில் அம்மாவுக்கு வேலை. பிள்ளைகள் காத்திருக்கும் அறைக்கு நீல வண்ணம் கேட்டிருந்தார் டாக்டர். புள்ளியும், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அண்ணனும் மதியம் அங்கே போனபோது மூன்று சுவர்கள் முடிந்திருந்தன. நான்காவது சுவர் மட்டும் வெறும் சுண்ணாம்பு நிறத்தில் நின்றது.

அம்மா காலையில் நடந்ததைச் சொன்னார். அவர் முதலில் கலந்த வாளியைப் பார்த்து டாக்டர், "ரொம்ப அடர்த்தியா இருக்கு, பசங்க பயந்துக்குவாங்க" என்றாராம். இரண்டாவது வாளியைப் பார்த்து, "ரொம்ப வெளிறிப்போச்சே" என்றாராம். அம்மா இரண்டையும் ஒரே பெரிய வாளியில் ஊற்றிக் கலக்கினார். டாக்டருக்கு அந்த நீலம் ஒரேயடியாகப் பிடித்துப்போய்விட்டது.

"அதைத்தான் மூணு சுவத்துக்கும் ரெண்டு தடவை அடிச்சேன். வாளி காலி. கடைசிச் சுவருதான் இருக்கறதுலயே பெருசு. இன்னும் ஒரு ரெண்டரை டப்பா கலந்தா அதுவும் முடிஞ்சிடும்" என்றார் அம்மா. "ஆனா ரோலர் பிஞ்சுபோச்சு. சித்தி வீட்டுல ஒண்ணு கிடக்கு, எடுத்துட்டு வந்துடறேன். அதுக்குள்ள ரெண்டு பேரும் கலந்து வைங்க. அந்த ரெண்டு வாளியோட மூடியிலயும் அளவு எழுதியிருக்கு."

வாசல் வரை போனவர் திரும்பினார். "பாத்துக் கலக்குங்க. நீலம் மூணு டப்பா இருக்கு. வெள்ளை ஒன்றரைதான் இருக்கு. கடையிலயும் தீந்துபோச்சு, செவ்வாய்க்கிழமைதான் வருமாம். டாக்டர் திங்கக்கிழமை காலையிலயே திறக்கறாங்க."

அம்மா போய்விட்டார். மூடிகளில் பென்சிலால் எழுதியிருந்தது. ஒன்றில் 1/2. மற்றதில் 1/3. மேலே நீல டப்பாக்கள், கீழே மொத்த டப்பாக்கள். அம்மாவின் வழக்கம் அது.

அண்ணன் ஒரு பழைய செய்தித்தாளை விரித்துத் தரையில் உட்கார்ந்தான். கணக்கில் தான் புலி என்ற நினைப்பு அவனுக்கு உண்டு.

"ரெண்டையும் சேத்து ஊத்தினாங்க. அப்ப கூட்டல். அரையும் மூணுல ஒண்ணும், ஆறுல அஞ்சு. மூணு டப்பாவா கலந்துடலாம். ரெண்டரை நீலம், அரை வெள்ளை. முடிஞ்சுது."

"இல்லண்ணா, அஞ்சுல ரெண்டு. ஒரு டப்பா நீலம், ஒன்றரை டப்பா வெள்ளை."

"அதுக்குத்தானே நேத்து தப்புன்னு போட்டாங்க? தாளைப் பாத்தேனே."

புள்ளிக்குச் சுருக்கென்றது. உண்மைதானே. இதே விடையைத்தான் டீச்சர் தப்பு என்றார். வக்கீலும் மடக்கினாள். இப்போது அண்ணனும் சொல்கிறான். மூன்று பேர் ஒரு பக்கம், அவள் ஒருத்தி ஒரு பக்கம். தான்தான் தப்போ என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

அண்ணன் நீல டப்பாவின் மூடியை நெம்பித் திறந்தான்.

புள்ளி மூன்று சுவர்களையும் பார்த்தாள். பிறகு அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்தாள். "கொஞ்சம் இருண்ணா. ஊத்திட்டா திரும்ப எடுக்க முடியாது. முதல்ல கரண்டியில கலந்து பாப்போம்."

"கரண்டியிலயா?"

"ரெண்டு பேரு கணக்கையும் பாப்போம்."

அதில் அண்ணனுக்கு ஆட்சேபம் இல்லை. தன் கணக்குத்தான் ஜெயிக்கும் என்று நினைத்தான். சாப்பாட்டு டப்பாவின் மூடியில் அவன் ஐந்து கரண்டி நீலமும் ஒரு கரண்டி வெள்ளையும் விட்டுக் கலக்கினான். புள்ளி இன்னொரு மூடியில் இரண்டு கரண்டி நீலமும் மூன்று கரண்டி வெள்ளையும் கலக்கினாள். இரண்டையும் இரண்டு காகிதத்தில் தீற்றினார்கள்.

"உடனே பாக்கக் கூடாது. ஈரத்துல ஒரு நிறம், காஞ்சா ஒரு நிறம்" என்றாள் புள்ளி. அம்மா நூறு முறை சொன்னதை அவளும் ஒரு முறை சொல்லிக்கொண்டாள்.

மாற்றி மாற்றி விசிறினார்கள். அண்ணனுக்குக் கை வலித்தது, வாயால் ஊதிப் பார்த்தான். ஒருவழியாகக் காய்ந்ததும் காகிதங்களை முடிந்த சுவரில் வைத்தார்கள்.

அண்ணனின் காகிதம் சுவரில் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்ததுபோல் இருட்டாகத் தெரிந்தது. புள்ளியின் காகிதம் எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை.

அண்ணன் தலையைச் சொறிந்தான்.

"ஆனா என் கணக்கு தப்பே இல்லையே."

"அதான் எனக்கும் புரியல. ரெண்டும் சரின்னா எப்படி?"

அண்ணன் தண்ணீர் பாட்டிலை எடுத்தான். புள்ளி அதில் விரலால் பெயின்ட் தொட்டு ஆறு கோடுகள் போட்டு ஆறு சம பங்காக்கினாள். அரை பாட்டில் என்றால் மூன்று கோடு வரை. அதன் மேல் மூன்றில் ஒரு பங்கு ஊற்றினால் இன்னும் இரண்டு கோடு. தண்ணீர் ஐந்தாவது கோட்டில் வந்து நின்றது.

"ஆறுல அஞ்சு. பாத்தியா, நான் சொல்லல?" என்றான் அண்ணன்.

புள்ளி பாட்டிலையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "இதுல அரையும் ஒரே பாட்டில்ல அரை. மூணுல ஒண்ணும் அதே பாட்டில்லதான். அம்மா கலந்தது அப்படி இல்லண்ணா. ஒண்ணு ரெண்டு டப்பாவுல பாதி. இன்னொண்ணு மூணு டப்பாவுல ஒரு பங்கு. அளவே வேற வேற."

"அப்ப டீச்சர் கேட்டது?"

"ஒரே அளவுல பாதியும் மூணுல ஒண்ணும் சேந்தா எவ்வளவு வரும்னு. அம்மாவுக்கு வேண்டியது, ரெண்டு வாளியையும் சேத்தா எவ்வளவு நீலமா இருக்கும்னு. அடர்த்தியானதுல வெளிறினதைக் கலந்தா நடுவுலதான் வரும். வக்கீல் கேட்டப்ப இதைத்தான் சொல்லத் தெரியாம முழிச்சேன்."

அண்ணன் ஒரு டப்பா நீலத்தை எடுத்து வாளியில் ஊற்றினான். புள்ளி ஒன்றரை டப்பா வெள்ளையைக் கடைசிச் சொட்டு வரை வழித்து ஊற்றினாள். குச்சியால் கலக்கிவிட்டு மூடியில் 2/5 என்று எழுதினாள்.

அம்மா ரோலரோடு வந்து சேர்ந்தார். மூடியைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். "யாரு கலந்தது?"

"நம்ம வீட்டுப் பெரும்புள்ளி" என்றான் அண்ணன்.

திங்கட்கிழமை டீச்சர் எல்லாவற்றையும் கேட்டார். "அப்போ மார்க்கை மாத்திடவா?"

"வேணாம் டீச்சர். நீங்க கேட்ட கேள்விக்கு அது தப்புதான்."

டீச்சர் சிரித்துவிட்டு, 1/2க்கும் 2/5க்கும் நடுவில் இன்னொரு நீலம் இருக்குமா என்று கேட்டார். புள்ளி மனசுக்குள் இரண்டு வாளிகளை ஊற்றினாள். "3/7, டீச்சர்." அதற்கும் 1/2க்கும் நடுவில்? "4/9." அதற்கும் நடுவில்? புள்ளி கையை விரித்தாள். "இது முடியவே முடியாது போல இருக்கு டீச்சர். வாளிதான் பத்தாது."

டீச்சர் பலகையில் வாளிக் கணக்கை எழுதி, கலந்த பெயின்டில் எத்தனை பங்கு நீலம் என்று வகுப்பைக் கேட்டார். எல்லோரும் உற்சாகமாக 5/6 என்று எழுதினார்கள். வக்கீலும்தான்.

விடை 2/5 என்று டீச்சர் சொன்னதும், "எனக்கு நிரூபிச்சுக் காட்டணும்" என்றாள் வக்கீல் புள்ளியிடம்.

சாயங்காலம் புள்ளி அவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். பல்வலியோடு ஒரு சின்னப் பையன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"இதுல ஒரு சுவரு மட்டும் வேற வாளி. எதுன்னு சொல்லு பாப்போம்."

வக்கீல் நான்கு சுவர்களையும் மூக்கு ஒட்டப் பார்த்தாள். மூலைகளைத் தடவினாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு தூரத்தில் நின்று பார்த்தாள். கடைசியில் வெகு நம்பிக்கையாக ஜன்னல் பக்கத்துச் சுவரைக் காட்டினாள்.

அது அம்மா முதன்முதலில் அடித்த சுவர்.