பழசாக்கிய மூடி

அந்த வீடு ஷரஃபுதீனைத் தேடி ஆட்டோவில் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். வடபழனி டிப்போவுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட மாடி அறைதான் அவனுடைய பட்டறை. பிரணவ் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு படியேறி வந்தான். தரமணியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். ஞாயிறானால் அடையாறில் பத்துப் பேர் கூடி, மேசைமேல் விரலளவு சிப்பாய்களை நிறுத்தி, பகடை உருட்டிப் போர் விளையாடுவார்கள். அந்தப் போருக்கு ஓர் ஊர் வேண்டும். இடிந்த வீடு, கரி பிடித்த சுவர், பாசி வழியும் தொட்டி. அதையெல்லாம் பூசித் தருவது ஷரஃபுதீன்.

இருபத்தைந்து வருஷம் சினிமா செட்டுக்குப் பெயிண்ட் அடித்த கை. நேற்று அறைந்த பிளைவுட்டை நூறு வருஷத்துச் சுவராக்கிவிடும். டீத்தண்ணி, விளக்குக்கரி, செங்கல் தூள், துளி பச்சை. தொழிலில் அதற்குப் பழசாக்குறது என்று பேர். ஷரஃப் பாய் பழசாக்கினால் எலியே நம்பிக் குடிவந்துவிடும் என்று செட்டில் கிண்டல் பண்ணுவார்கள்.

"இது இடிஞ்ச வீடு இல்ல பாய்," என்றான் பிரணவ். "மந்தைவெளில நாங்க இருந்த ஃப்ளாட். அப்பாதான் அங்க செகரட்டரி. போன மாசம் இடிச்சுட்டாங்க. அஸ்திவாரம் இன்னும் தோண்டல. பழைய போட்டோவ வச்சு நானே டிசைன் பண்ணி த்ரீ-டி பிரிண்ட் எடுத்தேன்."

சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில் மூன்று மாடி. படிக்கட்டு, ஜன்னல் கம்பி, மொட்டைமாடித் தொட்டி. பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், தபால்தலை அளவில் ஒரு சதுர மூடி. அதில் இரண்டு வளையம்.

ஷரஃபுதீன் வாயில் எச்சில் ஊறியது. வாந்திக்கு முன்னால் ஊறுமே, அந்த எச்சில்.

ஒரு பை மண்ணும் கொடுத்தான் பிரணவ். இடித்த இடத்திலிருந்தே அள்ளி வந்ததாம். சலித்து அடிப்பலகையில் ஒட்ட வேண்டும், எங்கள் வீடு எங்கள் மண்ணிலேயே நிற்கட்டும் என்றான். ஞாயிறு காலை வேண்டும். முடியாது என்றால் ஏன் என்று கேட்பான். ஷரஃபுதீன் தலையாட்டினான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த ஃப்ளாட்டின் படிக்கட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போனது இரண்டு பேர். அவனும், அவனுடைய கூட்டாளி வெள்ளைச்சாமியும். பாதாளச் சாக்கடை வந்தபின் மூடிக்கிடந்த பழைய மலத்தொட்டியைக் கழுவி மழைத்தண்ணித் தொட்டியாக்கலாம் என்று செகரட்டரிக்கு ஓர் ஆசை. பத்து நிமிஷ வேலை, யாராவது இறங்கிப் பாருங்களேன் என்றார். கேட்டது ஷரஃபுதீனிடம். மூடியைத் தூக்கியதும் வந்த நாற்றத்தில் அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினான். எனக்கு ஆவாது, நீ இறங்குடா என்று வெள்ளைச்சாமியை இடுப்பில் கயிறு கட்டி இறக்கினான்.

உயரமான செட்டில் சாரம் ஏறும்போது இருவருக்கும் கயிற்றுப் பாஷை உண்டு. இரண்டு இழுப்பு என்றால் பெயிண்ட் டப்பா இறக்கு. நாலு இழுப்பு என்றால் என்னைத் தூக்கு.

கயிறு நாலு முறை இழுபட்டது.

ஷரஃபுதீன் அப்போது சுவரோரம் குனிந்து காலையில் தின்ற இட்லியைக் கக்கிக்கொண்டிருந்தான். மூக்கைப் பொத்த இரண்டு கையும் தேவைப்பட்டது. கயிறு கையிலிருந்து நழுவித் தொட்டிக்குள் போய்விட்டது.

நீதானே இறக்கினாய், ஜெயிலுக்குப் போகப்போவதும் நீதான் என்றார் செகரட்டரி. அன்று சாயங்காலமே மூடியைப் போட்டு, சுற்றிலும் சிமெண்ட் பூசினான் ஷரஃபுதீன். புதுச் சிமெண்ட் பல்லை இளித்தது. டீத்தண்ணி ஊற்றினான், கரி தடவினான், பாசி வைத்தான். பத்து வருஷமாகத் திறக்காத மூடியாகிவிட்டது. பிறகு வெள்ளைச்சாமியின் பெண்டாட்டி சொர்ணத்திடம் போய், உன் புருஷன் கேரளாவுக்கு ஷூட்டிங் வேலைக்குப் போயிருக்கிறான் என்று சொன்னான்.

அவன் வேலையிலேயே சிறந்த வேலை அந்த மூடிதான்.

மண்ணை ஒட்டுமுன் இரும்புச் சட்டியில் வறுத்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பசை ஈரத்தில் பூஞ்சை பூக்கும், புழு வைக்கும். தொழில் தெரிந்தவன் இதை விடமாட்டான். ஆனால் பெண்டாட்டி கைசர் ஜஹான் சோறாக்குகிற அடுப்பில் இந்த மண்ணை ஏற்றுவதா? ஷரஃபுதீன் பச்சையாகவே ஒட்டினான்.

புதன்கிழமை காலை அறையைத் திறந்ததும் அடித்தது நாற்றம். செத்த எலி இல்லை. மூடி தூக்கின நாற்றம்.

அடிப்பலகை வியர்த்திருந்தது. மண்ணுக்குள்ளிருந்து கறுப்பாய்க் கொழகொழவென்று ஏதோ கசிந்து, படிக்கட்டின் முதல் படியைத் தொட்டிருந்தது. துணியால் துடைத்தான். சளி மாதிரி நூல்விட்டது. வறுக்காத மண், அவ்வளவுதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டான்.

மூடியைப் பழசாக்கினான். டீத்தண்ணி, கரி, பாசி.

வியாழக்கிழமை மூடியைச் சுற்றிப் பெயிண்ட் உரிந்து, வெளேரென்று ஒரு கோடு. விரல் வைத்துப் பார்த்தான். பிளாஸ்டிக் இல்லை.

சிமெண்ட். ஈரமாக இருந்தது.

மறுபடி பூசினான். வெள்ளிக்கிழமை மறுபடி உரிந்தது. தம்பிடிக் காசு அகலமில்லாத ஜன்னல்களில் வெள்ளைப் புழுக்கள் தலை நீட்டி நெளிந்தன. ஒவ்வொன்றாய் ஊசியால் எடுத்துப் போட்டான். எடுக்க எடுக்க வந்தன. சோப்பு போட்டு ஐந்து முறை கை கழுவியும் நகக்கண்ணில் வாடை நின்றது. சோற்றைப் பிசைந்தால் சோற்றில் ஏறியது. தண்ணீரைக் குடித்தால் தொண்டையில் ஏறியது. ஜும்மா தொழுகைக்குப் போனான். பக்கத்தில் நின்றவர் ஓர் அடி தள்ளி நின்றார்.

"இன்னாங்க, மேல எதுனா செத்துக் கீதா?" என்றாள் கைசர் ஜஹான். "உங்க சட்டைய தொடவே முடில. ரெண்டு வாட்டி ஊற வச்சுட்டேன்."

எலிதான் என்று வாயைப் பொத்திக்கொண்டே சொன்னான்.

சனிக்கிழமை மத்தியானம் சொர்ணம் வந்தாள். கல்யாண மண்டபங்களில் பாத்திரம் தேய்க்கிறவள். மாசம் ஒருமுறை வருவாள், கேட்பாள், போவாள். கீழேயே நிறுத்திவிடலாம் என்று ஷரஃபுதீன் எழுவதற்குள் மாடிக்கே வந்துவிட்டாள்.

மூக்கைப் பொத்தவில்லை. எச்சில் இலை மூட்டை சுமந்த மூக்கு.

எதுனா தகவல் உண்டா பாய் என்று வழக்கம்போலக் கேட்டுக்கொண்டே மேசையருகே போனாள். வீட்டைச் சுற்றி வந்து பார்த்தாள். குனிந்தாள்.

"எல்லாம் பழசாக் கீது. இந்த மூடி மட்டும் ஏன் பாய் புதுசாக் கீது?"

கேரளாவில்தான் இருக்கிறான் என்று சொல்ல வாயெடுத்தான். நாக்குக்கடியில் குளிர்ந்த தண்ணீர் ஊறியது. எச்சில் இல்லை. வாய் நிறைந்து, மூக்கு வழியாகவும் வந்தது. மண்டியிட்டுக் கக்கினான். கறுப்புத் தண்ணீர். சலித்த மண் மாதிரி பல்லில் நறநறத்தது.

சொர்ணம் அசையவில்லை.

"பொட்டு வைக்கறதா அழிக்கறதான்னு தெரியாம நாலு வருஷம் கண்ணாடி முன்னாடி நிக்கிறேன். சொல்லிடு பாய்."

சொன்னான். நல்ல மனசால் இல்லை, அடக்க முடியாமல். தொட்டி, செகரட்டரி, சிமெண்ட், டீத்தண்ணி எல்லாம் வாந்தியோடு வாந்தியாக வெளியே வந்தது.

அவள் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கயிறு ஆடுச்சா?"

ஷரஃபுதீன் தரையைப் பார்த்தான்.

"இல்லம்மா. ஆடவே இல்ல."

அவள் வீட்டைப் பலகையோடு தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கசிவு அவள் சேலையில் இறங்கியது. மந்தைவெளிப் பக்கம் போலீஸ் ஸ்டேஷன் எங்கே என்று கேட்டாள். சொன்னான். படியிறங்கிப் போய்விட்டாள்.

நாற்றமும் போய்விட்டது.

அப்படியே, விளக்கை அணைத்த மாதிரி. அறையைக் கழுவிவிட்டான். கைசர் ஜஹான் கொண்டுவந்த டீயில் டீ வாசம் அடித்தது. இனி போலீஸ் வரட்டும், யார் வேண்டுமானாலும் வரட்டும் என்று இருந்தது. கை சும்மா இருக்கப் பிடிக்காமல் மூலையில் கிடந்த வேறொரு இடிந்த வீட்டை எடுத்து வைத்து, பிரஷ்ஷைத் தொட்டான்.

வலது உள்ளங்கையில் சுரீரென்றது. கட்டைவிரல் பருமனில் ஒரு கோடு குறுக்கே சிவந்திருந்தது, தேங்காய்நார்க் கயிறு உரசின மாதிரி.

கை வெடுக்கென்று கீழே இழுபட்டு மேசையில் மோதியது.

பிரஷ் விழுந்தது.

"இன்னாச்சுங்க?" என்றாள் கைசர் ஜஹான்.

இரண்டாவது.

அவன் இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டான். பிடித்த கையும் சேர்ந்து இறங்கியது.

மூன்றாவது.

அவசரமில்லாமல், கீழே யாரோ மூச்சு வாங்கிக்கொள்வது மாதிரி, கொஞ்சம் இடைவெளி விட்டு

நாலாவது.