கண் மூடிய இடம்

படம் எத்தனை நிமிடம் என்று போடுவது என சுகந்தி கேட்டபோது நவநீதன் தோசைக்கல் முன்னால் நின்றிருந்தான். தொண்ணூற்று நான்கு என்று முழுசாகப் போட்டுவிடச் சொன்னான்.

"மேல பத்து செகண்டு இருக்குதுங்க. அதை எதுக்குக் கடாசறது, குளிர்ல வெரல் வெறச்சுப் போயி எடுத்தது" என்றாள்.

94 நிமிடம் 10 விநாடி என்று தட்டினாள். விண்ணப்பத்தை விழாவுக்கு அனுப்பினாள். வாடகைக்கு எடுத்திருந்த லென்ஸைக் காந்திபுரத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும், பதினோரு மணிக்கு மேல் ஆனால் இன்னொரு நாள் வாடகை என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டாள். தோசை ஆறிவிடும் என்று அவன் சொன்னான்.

"வந்தர்றேன்" என்றாள்.

சரவணம்பட்டி அருகே பின்னால் வந்த லாரி அவளைப் பார்க்கவில்லை. லென்ஸில் ஒரு கீறல்கூட விழவில்லை என்று கடைக்காரர் துக்கம் கேட்க வந்தபோது சொன்னார். அதை ஆறுதல் என்று நினைத்துச் சொன்னார்.

ஐந்து மாதம் கழித்து ஏழுகடல் இணையத் திரைவிழா தொடங்கியது.

அந்த ஆண்டுகளில் உலகத்தில் எந்தப் படமும் முதல் நாள் இருந்த நீளத்தில் மறுவாரம் இருந்ததில்லை. எல்லாத் திரைகளிலும் விழிமானி இருந்தது. பார்ப்பவரின் கண் எங்கே நிற்கிறது, எங்கே விலகுகிறது, எப்போது மூடுகிறது என்று அது அளந்துகொண்டே இருக்கும். அந்த அளவை வைத்துக்கொண்டு தன்செதுக்கி என்ற இயந்திரம் தினமும் காலை ஆறு மணிக்குப் படத்தைச் செதுக்கும். கண்கள் விலகிய இடம் வெட்டுப்படும். வெட்டிய துண்டு எங்கும் சேமிக்கப்படாது. மறுநாள் பார்ப்பவருக்கு அப்படி ஒரு காட்சி இருந்ததே தெரியாது.

யாரும் இதை எதிர்க்கவில்லை. நேரம் மிச்சமாகிறது என்றார்கள். கல்லூரிப் பாடங்கள் ஏழு நிமிடத்துக்கு வந்துவிட்டன. கல்யாண வீடியோக்களில் பந்தியும் பெண்ணின் நகையும் மட்டும் மிஞ்சின. தாலி கட்டும் இடத்தில் எல்லோரும் அட்சதை போடக் குனிந்திருப்பார்கள் என்பதால் அது முதல் வாரத்திலேயே போய்விடும். மக்கள் அதையும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார்கள்.

திரைவிழாக்கள் இன்னொரு விதியையும் வைத்திருந்தன. படம் பெட்டகத்துக்குள் போனதும் அதன் உரிமைச் சாவியும் போய்விடும். இயக்குநரின் வீட்டில் இருக்கும் பிரதிகள், படப்பதிவுகள் எல்லாம் அதே சாவியில் பூட்டிக்கொள்ளும். திருட்டைத் தடுப்பதற்கு என்று காரணம் சொன்னார்கள். ஒரு காட்சியை வெட்டாமல் நிறுத்த வேண்டும் என்றால் இயக்குநர் தன் கணக்கில் நுழைந்து தடை போடலாம். இயக்குநர் மட்டும் போடலாம்.

சுகந்தியின் படம் ஒகிமுனே ஹிசாயோ என்ற ஜப்பானியப் பெண் கலைஞரைப் பற்றியது. எழுபத்தொன்பது வயது. வடக்கே அவோமோரியில் ஒரு மர வீட்டில் தனியாக இருக்கிறார். குளிர்காலக் காலைகளில் ஜன்னல் கண்ணாடியில் மூச்சை ஊதி, அந்த ஆவியில் விரலால் வரைவார். நாற்பது நொடியில் மறைந்துவிடும். நாற்பத்தொரு வருடமாக இதுதான் அவருடைய கலை. பார்க்க வருகிறவர்கள் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும், கண்ணாடியில் விரல் கீச்சிடும் சத்தத்தை மட்டும் கேட்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. சுகந்தி மூன்று குளிர்காலம் போய்வந்த பிறகுதான் கேமராவுக்கு மட்டும் திரும்ப அனுமதி கொடுத்தார்.

சுகந்தியின் அண்ணன் முத்துரத்தினத்துக்கு இது புரியவே இல்லை. "ஏம்மா, கண்ணாடில மூச்சு உட்டுக் கிறுக்கறதுக்குச் சப்பான் வரைக்கும் போவோணுமா? மழை பேஞ்சா டவுன் பஸ்ல எல்லாப் பசங்களும் பண்றதுதான" என்பார். அதைப் பார்க்கத்தான் ஆள் இல்லை அண்ணா என்று சுகந்தி சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

படத்தில் சுகந்தி வருவது ஒரே ஒரு காட்சியில். எழுபத்தோராவது நிமிடம். ஹிசாயோ அவளைக் கண்ணாடிக்கு வெளியே பனியில் நிற்கச் சொல்கிறார். உள்ளிருந்து ஊதுகிறார். கண்ணாடி வெளுக்கிறது. அந்த வெளுப்பில் அவளுடைய முகத்தைக் கோடாக வரைகிறார். குளிர் தாங்காமல் அவள் சிரிக்கும் சத்தம் கேட்கிறது. பிறகு ஆவி மெல்லப் போகிறது. கோடு மறைகிறது, அதன் பின்னால் நிஜ முகம் தெரிகிறது. கம்பளித் தொப்பி, சிவந்த மூக்கு. இப்படி நான்கைந்து முறை ஊதி வரைந்து ஊதி வரைந்து, மொத்தம் மூன்று நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி.

நவநீதனிடம் அவளுடைய புகைப்படங்கள் இருந்தன. அவள் நகர்ந்து, சிரித்து, மூக்கை உறிஞ்சுவது இந்தக் காட்சியில் மட்டும்தான் இருந்தது. கேமராவுக்குப் பின்னாலேயே இருபத்தைந்து வருடம் நின்றவளுக்கு வேறு எங்கே இருக்கும்?

இரண்டாம் நாள் காலை படம் எண்பத்தெட்டு நிமிடமாகியிருந்தது. விழா ஒருங்கிணைப்பாளர் ஷெரின் பிரபாவை அவன் அழைத்தான். நாகர்கோவில் பெண், முப்பது வயது இருக்கும், எதற்கும் சார் போட்டுப் பேசுவாள். இதெல்லாம் ஆறு நிமிடம்தான் சார், பனி விழுவதும் ரயில் போவதும்தான் சார், உங்கள் மனைவி வரும் காட்சியை வெளிநாட்டில் கண்கொட்டாமல் பார்க்கிறார்கள் என்றாள். தடை போட முடியாதா என்று கேட்டான். இயக்குநர் கணக்கிலிருந்துதான் முடியும் என்றாள்.

"இயக்குநர் செத்துப் போயிட்டாங்கம்மா. உங்க வலைப்பக்கத்துலயே மாலை போட்டு வெச்சிருக்கீங்க."

அவள் வருந்துவதாகச் சொன்னாள். ஆனால் வாரிசுக்கு அந்த உரிமை இல்லை, அதற்கு விதி எழுதப்படவில்லை என்றாள். அடிக்கடி பார்ப்பவர்களின் கண்ணுக்கு எடை அதிகம், மூன்று முறைக்கு மேல் பார்த்தவர் ஆழ்பார்வையாளர், அவர் ஒருவர் நூறு பேருக்குச் சமம் என்று ஒரு வழியும் சொன்னாள். அவள் நல்லதாகத்தான் சொன்னாள்.

நவநீதன் பம்ப்செட் கம்பெனியில் டெஸ்டிங் பெஞ்சில் வேலை பார்ப்பவன். அளவுக் கருவிகளோடுதான் அவன் பிழைப்பு. நூறு பேர் எடை என்றதும் கணக்குப் போட்டான். ஒன்பது நாள் விடுப்பு எடுத்தான், தினமும் மூன்று முறை பார்த்தான். அது போதாது என்று மூன்றாம் நாள் சாயங்காலம் கம்பெனி கேன்டீனுக்குப் போனான். வார்ப்படப் பிரிவின் ஆறுச்சாமி முதல் பெயின்ட் அடிக்கும் பெண்கள் வரை இருபத்து மூன்று பேர் ஷிஃப்ட் முடிந்து அவனுக்காக உட்கார்ந்தார்கள். எல்லோரும் சுகந்தி கையால் சாப்பிட்டவர்கள். ஆளுக்கொரு கைப்பேசி. கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும் என்று அவன் கேட்டுக்கொண்டான். முத்துரத்தினமும் சலவை வேட்டியில் வந்திருந்தார்.

"மாப்ள, ரயில் போறப்ப தூக்கம் வந்துச்சுன்னா கிள்ளி உட்ருங்க. எந்தங்கச்சி வர்ற எடத்துல நான் பாத்துக்கறேன்" என்றார்.

ஐந்து நாள் அப்படிப் பார்த்தார்கள். எழுபத்தோராவது நிமிடம் என்பது செதுக்கச் செதுக்க முன்னால் நகர்ந்துகொண்டே வந்தது. அறுபதாம் நிமிடம், நாற்பத்தைந்தாம் நிமிடம். அவள் சிரிப்பு கேட்கும்போது கேன்டீனில் ஒரு கரண்டிச் சத்தம்கூட இருக்காது.

ஒன்பதாம் நாள் காலை படம் முப்பத்தொரு நிமிடம் இருந்தது. ஹிசாயோவின் பூனை இருந்தது. அவர் நூடுல்ஸை உறிஞ்சிக் குடிப்பது முழுதாக இருந்தது. ஜன்னல் காட்சி இல்லை.

நவநீதன் மறுபடி ஓட்டினான். பூனை, நூடுல்ஸ், முற்றும். மூன்றாம் முறையும் ஓட்டிவிட்டு ஷெரினை அழைத்தான். இந்த முறை முகம் பார்த்துப் பேச வேண்டும் என்றான். அவள் திரைக்கு வந்ததும் பத்து நிமிடம் அவளைப் பேசவிடவில்லை. எவனோ கொட்டாவி விட்டதற்காக என் பெண்டாட்டியை வெட்டுவீர்களா என்றான். லாரிக்காரன் பார்க்காமல் கொன்றான், நீங்கள் பார்த்துப் பார்த்துக் கொல்கிறீர்கள் என்றான். எந்த ஊர்க்காரன் கண்ணைத் திருப்பினான் என்று காட்டு, எனக்கு அந்த ஊர் பேர் வேண்டும் என்றான்.

அவள் யார் கண் எங்கே நின்றது என்று காட்டும் கவன வரைபடத்தைத் திரையில் போட்டாள்.

அந்தக் காட்சியை நான்காயிரத்துச் சொச்சம் பேர் பார்த்திருந்தார்கள். அநேகம் ஊர்கள், அவன் பேர்கூடக் கேட்டிராத ஊர்கள். எல்லாக் கோடுகளும் உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்தன. அவளை யாரென்றே தெரியாதவர்கள் நான்கு நிமிடமும் இமைக்காமல் அவள் முகத்தைப் பார்த்திருந்தார்கள். அடியில், பூஜ்யத்தில், ஒரு சிவப்புக் கொத்து இருந்தது.

"இது அவோமோரி. ஹிசாயோ அம்மா. படம் முழுக்க முதுகக் காட்டி உக்காந்திருக்காங்க, ஒரே ஒரு தடவைதான் பாத்தாங்க. அதுக்கு எடையே இல்ல சார்" என்றாள் ஷெரின். "மிச்சம் இருபத்தஞ்சு பேரு கோயம்புத்தூர். எல்லாருமே ஆழ்பார்வையாளர்."

அவன் நம்பவில்லை. விழிமானி பழுது என்றான். அவள் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். ஆறுச்சாமி, ஐந்து தடவை, காட்சி தொடங்கி ஏழாவது விநாடியில் இமை மூடல். பெயின்ட் பிரிவு, இமை மூடல். முத்துரத்தினம், ஐந்து தடவையும் இமை மூடல், தலை குனிவு.

"இது நீங்க சார். இருபத்தாறு தடவ. இருபத்தாறுலயும் மூணு நிமிஷம் அம்பது செகண்ட் கண்ணு மூடியிருக்கு."

கண் மூடியது நவநீதனுக்கே தெரியாது. அந்தக் காட்சியின் ஒவ்வொரு அங்குலத்தையும், தொப்பியில் எந்தப் பக்கம் நூல் பிரிந்திருந்தது என்பது வரை அவனால் சொல்ல முடியும். அது சுகந்தியின் எடிட்டிங் மேஜையில் ஒரு முறை பார்த்தது. அதற்குப் பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டதும் அவனுக்குள் அது ஓடியிருக்கிறது, திரையில் ஓடியதாக நினைத்திருக்கிறான். மற்றவர்கள் மூடியதையும் அவன் பார்க்கவில்லை. எப்படிப் பார்த்திருப்பான்?

"எங்கூர்ல கோயிலுக்குப் போனா ரெண்டு மணி நேரம் வரிசைல நிப்போம்மா" என்றான் கடைசியில்.  "சாமிக்குத் தீபம் காட்டற அந்த ஒரு நிமிசம் வந்துச்சுன்னா எல்லாரும் கண்ண மூடிக்குவோம். பாக்கத்தான வந்தோம்? ஏன் மூடறோம்? உங்க மெசினுக்கு அது தெரியுமா? சலிச்சுப் போய் மூடற கண்ணும் தாங்காம மூடற கண்ணும் அதுக்கு ஒண்ணுதானா? நான் முப்பது வருசமா மீட்டர் மாட்டறவன். மீட்டர் பொய் சொல்லாது. தப்பான எடத்துல மாட்டுனா நெசத்தச் சொல்லியே குடிகெடுக்கும். யாரும்மா இத மனுசன் கண்ணுல மாட்டுனது? யாரு?"

அவன் கோயில் என்று தொடங்கியபோதே ஷெரின் தலை குனிந்திருந்தாள். அவன் நிறுத்தவில்லை. நீயும் அந்தக் காட்சியைப் பார்த்தாயா, நீ மூடினாயா என்று கேட்டான். வெகுநேரம் அவளுடைய உச்சி வகிடு மட்டும் தெரிந்தது.

பத்து நிமிடத்தில் அந்த அழைப்பின் பதிவு அவனுக்கு வந்து சேர்ந்தது. அலுவலக அழைப்புகள் எல்லாவற்றையும் தன்செதுக்கி சீராக்கி அனுப்புவது வழக்கம். திறந்து பார்த்தான். வரைபடத்தை அவள் விளக்குவது இருந்தது. விழாவுக்கு ஒத்துழைத்ததற்கு நன்றி என்று அவள் சொன்னது இருந்தது. கோயில், தீபம், மீட்டர் எதுவும் இல்லை. அவன் கத்திய அத்தனை நேரமும் அவள் கண் திரையில் இல்லை.

மறுநாள் கேன்டீனுக்குப் போய்ச் சொன்னான்.  ஆறுச்சாமி எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார். முத்துரத்தினம் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, நான் தூங்கலைங்க மாப்ள என்று இரண்டு தடவை சொன்னார். அவர்மேல் கோபப்படக் கோபம் மிச்சமிருந்தது, ஆனால் கோபப்படுகிற இடத்தில் அவனும்தான் உட்கார்ந்திருந்தான். அதுதான் அவனுக்கு ஆற்றாமையாக இருந்தது. லாரிக்காரனுக்கு ஒரு வழக்கு இருக்கிறது. இதற்கு யாரைக் கூண்டில் ஏற்றுவது?

பன்னிரண்டாம் நாள் விழா முடிந்தது. பத்தொன்பது நிமிடத்துக்கு வந்திருந்த படத்துக்குப் பார்வையாளர் விருது கிடைத்தது. கச்சிதமான படத்தொகுப்பு என்று நடுவர் குறிப்பு சொன்னது. விருதுப் பட்டயத்தில் சுகந்தியின் பெயருக்கு முன்னால் மறைந்த என்று போட்டிருந்தார்கள்.

நவநீதன் கடைசியாக ஒருமுறை படத்தின் பக்கத்தைத் திறந்தான். பூனையின் படம் முகப்பில் இருந்தது. கீழே மொழி, நாடு, ஆண்டு. இயக்குநர் தட்டச்சு செய்த விவரங்களை இயக்குநரைத் தவிர யாரும் திருத்த முடியாது, இயந்திரத்துக்கும் அந்த அனுமதி இல்லை.

நீளம்: 94 நிமிடம் 10 விநாடி.