கல்லின் அடியில் ஒரு பெயர்

'க்ரீ...ச்!'

சமையலறையில் அலறிக்கொண்டிருந்த கல் வெட்டும் மெஷின் சட்டென்று நின்றது. கரண்ட் போய்விட்டது. தூசி பறக்கக் கூடாதென்று ஜன்னலைச் சாத்தியிருந்ததால் ஒரே இருட்டு.

புது அடுப்பைப் பதிக்க மேடைக் கல்லில் சதுரமாக ஓட்டை போட வேண்டும். மேஸ்திரி உத்திராபதி ஒரு பக்கம்தான் வெட்டியிருந்தார்.

"பாப்பா, பிளேடு அடி வரைக்கும் இறங்கிடுச்சான்னு பாரு. எனக்குத் தொந்தி இடிக்குது" என்றார்.

பவானி டார்ச்சுடன் மேடைக்கு அடியில் ஊர்ந்து, மல்லாக்கப் படுத்தாள். மேலே தடவினாள். கல் சில்லென்று இருந்தது. விரல்கள் ஏதோ பள்ளத்தில் இறங்கின. வளைவு. கோடு. மறுபடி வளைவு.

டார்ச்சை உயர்த்தினாள்.

'காத்தவராயன். மறைவு: 26.12.2004. சோனங்குப்பம், கடலூர்.'

வெட்டுக் கோடு பெயரின் முதல் எழுத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தது. இன்னும் இரண்டு அங்குலம் போயிருந்தால் பெயர் இரண்டாகியிருக்கும்.

"அம்மா..." என்று கூப்பிட்டாள்.

உத்திராபதியும் எப்படியோ குனிந்து எட்டிப் பார்த்தார்.

"அக்கா, இது சுனாமில போனவருக்கு வச்ச கல்லு! திருப்பிப் போட்டு, மறுபக்கம் பாலிஷ் பண்ணி கல்லுக்கடைக்காரன் உங்க தலையில கட்டிட்டான். நான் இனிமே கை வைக்க மாட்டேன்."

அம்மா சௌந்தரம் சுவரில் சாய்ந்தாள். "ஐயோ! நாலு வருஷமா இது மேலதானடா தோசை சுட்டேன்!"

"அவரு ஒண்ணும் கோச்சுக்கலையேம்மா" என்றாள் பவானி.

"வாயை மூடுடி! உத்திராபதி, நாளைக்கே ஆள வச்சு உடைச்சு, எங்கனா பள்ளத்துல கொட்டிடு."

"உடைக்காதம்மா. அவுங்க வீட்டுல இதைத் தேடிக்கிட்டு இருந்தா?"

பவானி விடவில்லை. கெஞ்சிக் கெஞ்சி ஒரு வாரம் தவணை வாங்கினாள்.

அன்றே அஞ்சலட்டை எழுதினாள்: 'காத்தவராயன் குடும்பத்தாருக்கு, உங்கள் கல் சிதம்பரத்தில் எங்கள் வீட்டில் இருக்கிறது. பெயரை வெட்டவில்லை. வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.' கீழே வீட்டு முகவரியைக் குண்டு குண்டாக எழுதினாள்.

அந்த வாரம் அம்மா கூடத்தில்தான் சமைத்தாள். உப்பு வேண்டுமென்றாலும் பவானியைத்தான் உள்ளே அனுப்பினாள். பவானி தைரியமாகப் போவாள். திரும்பும்போது மட்டும் ஓடி வருவாள்.

ஆறாம் நாள் சாயங்காலம். தூறல். கேட்டருகே ஒருவர் சொட்டச் சொட்ட நனைந்து நின்றார். கையில் அந்த அஞ்சலட்டை.

"கல்லைப் பாக்கணும்" என்றார்.

அம்மா பவானியின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவர் ஈரக் காலடி பதிய நடந்துபோய், டார்ச்சை வாங்கிக்கொண்டு மேடைக்கு அடியில் நுழைந்தார்.

டார்ச் வெளிச்சம் அடியில் அங்குமிங்கும் நகர்ந்தது. நெடுநேரம்.

பிறகு, கல்லுக்கு அடியிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது.

அம்மா இரண்டடி பின்னால் போனாள். பவானி மட்டும் குனிந்து கேட்டாள்:

"மாமா... செத்துப்போனவரு உங்க அண்ணனா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"அண்ணன் இல்ல பாப்பா, காத்தவராயனே நான்தான்! ஆஸ்பத்திரில நெனவில்லாம கெடந்துட்டு நாப்பது நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தேன், நான் செத்துட்டேன்னு கல்லு வச்ச எங்காளுங்க அதைக் கல்லுக்கடையிலயே திருப்பிக் குடுத்துட்டாங்க. நீ தாராளமா வெட்டி அடுப்ப வையி, என் பேரு மேல சோறு வேகட்டும்!"