பூட்டு புண்ணியமூர்த்திக்கு ஒரு பார்சல்

இந்த உலகத்தில் எந்தக் கடையாலும் கண்டுபிடிக்க முடியாத மனிதன் ஒரே ஒருவன்தான். அவன் சிட்டுவின் அண்ணன். இதை வேறு யாரும் சொல்லவில்லை. அண்ணனே சொன்னான், கட்டிலின் மேல் ஏறி நின்று.

"எத்தனையோ கம்பெனி என் பேரைக் கேட்டிருக்கு. ஒருத்தர்கிட்டயும் நான் உண்மையைச் சொன்னதில்ல. நான் காத்து மாதிரி, சிட்டு. இருக்கேன். ஆனா பிடிக்க முடியாது."

"அம்மா கூப்பிட்டா மட்டும் உடனே மாட்டிக்கிறியே," என்றாள் சிட்டு.

சிட்டுவுக்குப் பத்து வயது. அண்ணன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. இணையத்தில் எது வாங்கினாலும் அவனுக்கென்று ஒரு முறை இருந்தது. பெயர் கேட்டால் அறையைச் சுற்றிப் பார்ப்பான். எது முதலில் கண்ணில் படுகிறதோ, அதிலிருந்து ஒரு பெயர் பிறக்கும். ஜன்னல் ஜம்புலிங்கம். குடை குமரேசன். பிறந்த தேதி, வாய்க்கு வந்தது. வீட்டு எண் பதின்மூன்று. அந்தக் கட்டடத்தில் இருந்ததோ பன்னிரண்டே வீடுகள். கைபேசி எண்ணுக்குத் தன் எண்ணையே கொடுத்து, கடைசி இலக்கத்தில் மட்டும் ஒன்றைக் கூட்டிவிடுவான்.

"அப்போ அந்த நம்பர் யாரோடது?" என்று சிட்டு ஒருநாள் கேட்டாள்.

"யாரோடதும் இல்ல. அது சும்மா ஒரு நம்பர்."

இப்படியெல்லாம் எழுதியும் பார்சல்கள் ஒழுங்காக வந்து சேர்ந்தன. அதற்குக் காரணம் வழக்கமாக வரும் டெலிவரிக்காரர். ஜன்னல், குடை, செருப்பு என்று எந்தப் பெயர் வந்தாலும் அது மூன்றாவது மாடிதான் என்று அவர் என்றைக்கோ புரிந்துகொண்டிருந்தார்.

சிட்டுவின் முறை வேறு. பள்ளி நூலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அவள் உண்மைப் பெயர், உண்மை வயது, உண்மை முகவரி எல்லாம் எழுதினாள். 'வளர்ப்புப் பிராணி உண்டா?' என்ற இடத்தில், 'இல்லை. ஆனால் வாசல் கதவுக்கு மேலே ஒரு பல்லி இருக்கிறது' என்றும் எழுதினாள்.

அதைப் படித்துவிட்டு அண்ணன் தரையில் உருண்டு சிரித்தான். "பல்லி! பல்லியைப் போய் யாராவது எழுதுவாங்களா? உன்னை மாதிரி ஆளுங்களாலதான் உலகத்துல ரகசியமே இல்லாமப் போச்சு!" அதன்பிறகு ஒரு வாரம் அவளைப் 'பல்லி மேடம்' என்றுதான் கூப்பிட்டான்.

அந்த வாரத்தின் கடைசியில்தான் சக்கரம் உடைந்தது.

எதிர் வீட்டில் சிட்டுவின் தோழி இருந்தாள். பள்ளியின் வினாடி வினா அணிக்கு அவள்தான் தலைவி. அதனால் எல்லோரும் அவளைக் கேப்டன் என்றே கூப்பிடுவார்கள். கேப்டன் போவது வருவது எல்லாம் சக்கர நாற்காலியில். நடைகூடத்தில் அவள் ஒரே இடத்தில் சுழன்று காட்டுவதைப் பார்த்தால் பம்பரம் பொறாமைப்படும்.

"இது என்ன பெரிய விஷயம்? ஒரு நிமிஷம் இந்த ஸ்டூலுக்கு மாறிக்கோ. நான் காட்டுறேன்," என்றான் அண்ணன்.

காட்டினான். அரைச் சுற்றில் 'டக்' என்று ஒரு சத்தம். முன்பக்கத்துச் சின்னச் சக்கரம் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி படிக்கட்டில் துள்ளித் துள்ளி இறங்கிப் போனது.

அண்ணனின் முகம் துவைத்துப் பிழிந்த சட்டை மாதிரி ஆனது. "இப்பவே புதுசு வாங்கித் தர்றேன்," என்று நின்ற இடத்திலேயே கைபேசியை எடுத்தான். பெயர் கேட்டது. சுற்றிப் பார்த்தான். எதிரே கதவில் ஒரு பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

நான்கு நாட்கள் ஓடின. சக்கரம் வரவில்லை.

"நாளைக்குக் காலையில இறுதிப் போட்டி," என்றாள் கேப்டன். நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்து, கீழே முட்டுக் கொடுத்த ஒரு செங்கல்லின் மேல் நின்றது. "எங்க அப்பா தூக்கிட்டுப் போறேங்கிறார். என்னைத் தூக்கிட்டுப் போக நான் என்ன மூட்டையா? நானேதான் மேடைக்குப் போவேன். இல்லைன்னா போகவே மாட்டேன்."

சிட்டுவுக்குக் கேப்டனைத் தெரியும். போகமாட்டேன் என்றால் போகமாட்டாள்.

நேராக அண்ணனிடம் வந்து நின்றாள். "சக்கரம் எங்கே?"

"வரும், வரும்."

"எங்கேன்னு கேட்டேன்."

அண்ணன் மின்னஞ்சலைத் திறந்தான். கடைகளுக்கென்றே அவன் தனியாக வைத்திருந்த மின்னஞ்சல் அது. மாதம் ஒருமுறைதான் எட்டிப் பார்ப்பான். நூற்றுக்கணக்கான கடிதங்களுக்கு நடுவே அது கிடந்தது: 'அன்புள்ள பூட்டு புண்ணியமூர்த்தி, பதின்மூன்றாம் எண் வீட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை. உங்கள் பார்சல் எங்கள் அலுவலகத்தில் உள்ளது. இன்று மாலை ஆறு மணிக்குள் பெற்றுக்கொள்ளாவிட்டால் திருப்பி அனுப்பப்படும்.'

வழக்கமான டெலிவரிக்காரர் விடுமுறையில் போயிருந்தார்.

மணி ஐந்தே கால். "செருப்பைப் போடு," என்றாள் சிட்டு.

பார்சல் அலுவலகம் நீளமான ஓர் அறை. சுவரோரம் கூரை வரைக்கும் அட்டைப் பெட்டிகள். வரிசையில் பத்துப் பேர். கவுண்டரில் இருந்தவர் மூக்கின் நுனியில் கண்ணாடி போட்டிருந்தார். சிட்டுவின் முறை வந்தபோது மணி ஐந்து நாற்பது.

"பூட்டு புண்ணியமூர்த்தி பேர்ல ஒரு பார்சல், சார்."

கவுண்டர்க்காரர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "யாரு அது?"

அண்ணன் கையைப் பாதி தூக்கினான்.

"அடையாள அட்டை?"

அண்ணன் கல்லூரி அட்டையைக் காட்டினான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல பூட்டும் இல்ல, புண்ணியமும் இல்லையே, தம்பி. சரி, போனுக்கு வந்த ஓ.டி.பி.யைச் சொல்லுங்க."

"அது... அந்த போன்..."

"அதுவும் உங்களோடது இல்லையா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அண்ணன் சிட்டுவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான். "வா, போயிடலாம். வேற சக்கரம் ஆர்டர் பண்ணலாம்."

"அது வர்றதுக்குள்ள போட்டி முடிஞ்சிடும். போனைக் கொடு."

அந்த 'சும்மா ஒரு நம்பரை' அவள் அழுத்தினாள். மணி அடித்தது. மறுபக்கம் கத்தரிக்கோல் சத்தமும் ஒரு பெண் குரலும் கேட்டன. "சலூன். யாரு பேசுறது?"

"அக்கா, உங்க போனுக்கு ஒரு ஓ.டி.பி. வந்திருக்கா? அதைக் கொஞ்சம்..."

"வந்திருக்கு. சொல்லமாட்டேன். வை போனை!"

இணைப்பு அறுந்தது. "பாரு, எவ்வளவு உஷாரா இருக்காங்க," என்றான் அண்ணன். அவன் குரலில் மரியாதை இருந்தது.

சிட்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். அந்த அக்கா செய்தது சரிதான். யாரென்றே தெரியாதவர் கேட்டால் அவளும் சொல்லியிருக்கமாட்டாள். அப்படியானால் முதலில் யார் என்று சொல்ல வேண்டும். மறுபடி அழைத்தாள்.

"அக்கா, வைச்சிடாதீங்க. நான் இப்ப ஓ.டி.பி. கேக்கல. மன்னிப்புதான் கேக்குறேன். எங்க அண்ணன் எல்லாக் கடையிலயும் தப்பான நம்பர் கொடுத்துட்டான். அது உங்களோட நம்பர்."

மறுபக்கம் கத்தரிக்கோல் நின்றது.

"ஓஹோ. அந்த மகராசன் உங்க அண்ணன்தானா? ஒரு வருஷமா என் உசுரை வாங்குறான்! 'குடை குமரேசன் இருக்காரா, ஜன்னல் ஜம்புலிங்கம் இருக்காரா'ன்னு டெய்லி போன். போன மாசம் ஒரு பெரியவருக்கு மீசை ஒதுக்கும்போது போன் அடிச்சு, கை தவறி, ஒரு பக்கத்து மீசையே போச்சு. மத்த பக்கத்தையும் எடுக்க வேண்டியதாப் போச்சு. இப்ப அவர் என் கடைப் பக்கமே வர்றதில்ல."

"ரொம்ப சாரி, அக்கா." சிட்டுவுக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. "எல்லாக் கடையிலேர்ந்தும் உங்க நம்பரை நாங்களே எடுத்துடுறோம். ஆனா இன்னிக்கு வந்த பார்சல்ல என் தோழியோட சக்கர நாற்காலிக்குச் சக்கரம் இருக்கு. ஆறு மணிக்குத் திருப்பி அனுப்பிடுவாங்க. நீங்க எங்ககிட்ட ஓ.டி.பி. சொல்ல வேணாம். அந்த மெசேஜ்லயே பார்சல் ஆபீஸ் நம்பர் இருக்கும். அவங்ககிட்ட நேரா சொல்லிடுங்க. அது எங்க பார்சல்தானான்னு தெரியணும்னா, என்ன வேணும்னாலும் கேளுங்க."

மறுபக்கம் கத்தரிக்கோல் மறுபடி ஓட ஆரம்பித்தது.

"புத்திசாலிப் பொண்ணுதான். சரி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். மாசா மாசம் அஞ்சாம் தேதி ஒரே பொருளுக்குத்தான் எனக்கு மெசேஜ் வரும். என்ன அது?"

சிட்டுவுக்குத் தெரியாது. அண்ணனைப் பார்த்தாள். அவன் காது நுனி வரை சிவந்திருந்தான்.

"அண்ணா, என்ன அது?"

"வேணாம், சிட்டு. வேற கேள்வி கேக்கச் சொல்லு."

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து ஐம்பத்திரண்டு. சிட்டு கைபேசியை அவன் வாய்க்கு நேராக நீட்டினாள். கேப்டனின் நாற்காலிக்கு அடியில் இருந்த செங்கல்லை நினைத்துக்கொண்டு, கையை இறக்காமல் நின்றாள்.

"மீசை எண்ணெய்," என்று அண்ணன் முணுமுணுத்தான்.

"கேக்கல, தம்பி. இங்க மெஷின் ஓடுது."

"மீசை வளர்ற எண்ணெய்!"

வரிசையில் இருந்த எல்லோரும் திரும்பி, அண்ணனின் மேலுதட்டைக் கவனமாகப் பார்த்தார்கள். அங்கே பார்ப்பதற்கு அதிகம் ஒன்றுமில்லை.

மறுபக்கம் அக்கா சிரித்த சிரிப்பில் கைபேசியே அதிர்ந்தது. பிறகு இணைப்பு அறுந்தது. அடுத்த நிமிடம் கவுண்டரில் இருந்த தொலைபேசி அடித்தது.

"ஆமாம்மா... சொல்லுங்க... நாலு, ஏழு, ஏழு, ரெண்டு... சரியா இருக்கு." கவுண்டர்க்காரர் போனை வைத்துவிட்டு, சின்னப் பெட்டி ஒன்றை எடுத்து நீட்டினார். "வாங்க, புண்ணியமூர்த்தி. கையெழுத்துப் போடுங்க. உண்மையான கையெழுத்து."

அன்று மாலை அண்ணன் நடைகூடத்தில் மண்டியிட்டுச் சக்கரத்தை மாட்டினான். கேப்டன் ஒரு சுற்று சுற்றினாள். இன்னொரு சுற்று. பம்பரம் தோற்றது.

"சரியா சுத்துதா? நான் வேணும்னா ஒருதடவை..."

"வேணாம்!" என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

மறுநாள் கேப்டன் தானே மேடைக்குப் போனாள், தானே திரும்பி வந்தாள். மடியில் ஒரு கோப்பை இருந்தது.

சலூன் அக்காவின் எண்ணை எல்லாக் கடைகளிலிருந்தும் எடுக்க அண்ணனுக்கு மூன்று நாள் பிடித்தது. 'நீங்கள்தான் என்று உறுதி செய்யப் பிறந்த தேதியைச் சொல்லுங்கள்' என்றது ஒவ்வொரு கடையும். எந்தக் கடையில் எந்தத் தேதியில் பிறந்தோம் என்பது அவனுக்கு மறந்து போயிருந்தது.

"நட்சத்திரக் குறி போடாத கட்டத்தைக் காலியா விட்டுட்டா போதுமே. எதுக்கு மெனக்கெட்டுப் பொய் எழுதினே?" என்றாள் சிட்டு.

"காலியா விடலாமா?" என்றான் அண்ணன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறவன், இதை இப்போதுதான் கேள்விப்படுகிறான்.

அடுத்த ஐந்தாம் தேதி. அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து கைபேசியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். தண்ணீர் குடிக்கப் போன சிட்டு, சத்தமில்லாமல் எட்டிப் பார்த்தாள்.

பெயர் அவனுடையது. எண் அவனுடையது. பிறந்த தேதிக் கட்டம் காலி. எல்லாவற்றுக்கும் கீழே, 'டெலிவரி செய்பவருக்கு ஏதேனும் குறிப்பு' என்ற இடத்தில் இப்படி எழுதியிருந்தான்:

'மூன்றாவது மாடி. வாசல் கதவுக்கு மேலே ஒரு பல்லி இருக்கும். அதுதான் எங்கள் வீடு.'