இரண்டிரண்டாகத் தட்டும் சத்தம்

சோஃபாஜ் குழாய் இரண்டிரண்டாகத் தட்டியது.

டொக்-டொக். சிறு இடைவெளி. டொக்-டொக்.

பாரிஸில், ரூ பெர்தொனே தெருவில், றெமிஜியஸ் அண்ணையின் சாப்பாட்டுக்கடைக்குச் சமையல் நடப்பது கீழே, காவ் என்று எல்லோரும் சொல்லும் நிலவறையில். ஆறு வருடமாக அங்கே அடுப்போடு மல்லுக்கட்டும் சிவதர்சனுக்கு அந்தக் கட்டடத்தின் முனகல் எல்லாம் அத்துப்படி: மேலே நாற்காலி இழுபடும் சத்தம், ரயில் போகும்போது சுவர் நடுங்கும் சத்தம், அவனைக் கூப்பிட அண்ணை தும்புத்தடியால் நிலத்தில் குத்தும் சத்தம். ஆனால் கட்டடத்தைச் சூடாக்கும் சோஃபாஜ் பழுதாகி மூன்று நாளாகிறது. குழாயைத் தொட்டால் ஐஸ் மாதிரிச் சில்லென்றிருந்தது. சூடேறாத குழாய் எதற்குத் தட்டுகிறது?

பின்னேரம் மூன்று மணி. நான்கு மணிக்கு மேலே அவன் மகள் நிருபாவுக்குச் சோறு தீத்துகிறார்கள். ஏழு மாதப் பிள்ளை வாயில் வைக்கப்போகும் முதல் சோறு. அண்ணை கடையைப் பூட்டி, மேசைகளைத் தானே ஒதுக்கி, சிவதர்சனின் ஆட்களுக்கு இடம் கொடுத்திருந்தார். சோற்றைத் தன் கையாலேயே ஆக்குவேன் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றிருந்தான்.

“இன்னும் சோறு வேகேல்லையோ?” படியின் உச்சியிலிருந்து அவன் மனைவி வதனா கேட்டாள்.

“இப்பதான் அரிசி களையிறன்.”

“உந்தக் கோலத்திலை மேலை வந்து என்ரை மானத்தை வாங்காதேங்கோ. வேட்டி சால்வையை ஒரு துணியிலை சுத்திக் கீழை கொண்டு வாறன். பிள்ளையின்ரை கழுத்துப் பஞ்சாயுதச் சங்கிலியும் அறுந்துபோச்சு, அதையும் ஒருக்கா கொழுவித் தாங்கோ.”

“ஓம், ஓம். கொண்டு வாரும்.”

அவள் சிரித்துக்கொண்டே போனாள். அந்தச் சிரிப்பில்தான் அவன் உயிர் வாழ்ந்தான்.

மறுபடி அரிசிக்குள் கையை விட்டபோது ஏதோ சுணைத்தது. இழுத்தெடுத்தான். ஒரு நெற்கதிர். ஆலையில் தீட்டிப் பையில் அடைத்த வெள்ளை அரிசிக்குள், உமி கழலாத, மணி முற்றிய முழுக் கதிர். தாளின் நுனி சாய்வாக, சுத்தமாக அறுபட்டிருந்தது. அரிவாள் அப்படி அறுக்காது. அப்படி அறுக்கும் கத்தி ஒன்றைத்தான் அவன் பார்த்திருக்கிறான், பாரிஸுக்கு வெகு தொலைவில்.

அவுஸ்திரேலியாவுக்குப் படகேற்றுவதாகச் சொன்ன முகவர், அவனை எட்டு மாதம் இந்தோனேசியாவில், ஜாவாவின் மலையடியில் ஒரு கிராமத்தில் ஒளித்து வைத்தான். படிப்படியாக இறங்கும் வயல்கள், பகலிரவாக வாய்க்கால் சத்தம், ஈர வைக்கோலைக் கொளுத்தும் புகை. வார்சி என்ற கைம்பெண், நீ யார் எவர் என்று கேட்காமல் இடம் கொடுத்துச் சோறு போட்டாள். அவள் நெல்லை ஒவ்வொரு கதிராகக் கொய்வாள். உள்ளங்கையில் மறையும் சின்னக் கத்தி, அனி-அனி என்று பெயர். நெல் ஒரு தாய், கத்தியைக் கண்டால் பயந்து வயலை விட்டுப் போய்விடுவாள் என்றாள். வன்னியில் அரிவாளோடு வளர்ந்த அவனுக்குச் சிரிப்பு வந்தது. முதல் கதிர்களைக் கட்டி, துணியில் பிள்ளை போலச் சுற்றித் தோளில் தொங்கவிட்டு, நெற்கூட்டில் கொண்டுபோய்க் கிடத்தினாள். அதை யாரும் தின்னக்கூடாது.

முகவரின் லொறி ஒரு பின்னேரம் வந்தது. கடலில் ஒரு கிழமை, சாப்பாடு உங்கள் பாடு என்றான். நெற்கூட்டில் எஞ்சியிருந்தது அந்தக் கட்டு மட்டும்தான். நெல் நெல்தானே என்று தூக்கினான். வார்சி கண்டாள். திட்டவில்லை. காவல் கொட்டிலுக்கு ஓடி, அங்கே தொங்கிய குடைந்த மரத்தை அடித்தாள். இரண்டிரண்டாக. அந்த ஊரில் இரண்டிரண்டாக அடித்தால் கள்ளன்.

அவன் கையில் அரிவாள் இருந்தது. கழுத்தில் ஒரு வெட்டு.

லொறிக்கு ஓடும்போது பின்னால் யாரோ அதே மரத்தை ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொன்றாக அடித்தால் கொலை.

படகு திசைமாறி அலைந்த நாட்களில் அந்த நெல்லை உமியோடு மென்று உயிர் தப்பி, கடைசியில் பாரிஸுக்கு வந்து சேர்ந்தான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவனுக்கு அது செமிக்குமா? செமித்தது. இன்றுவரை அவனுக்கு அதுதான் பயம். வதனாவுக்கு இதில் ஒரு சொல்லும் தெரியாது. தெரிந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கணமே போய்விடுவாள்.

கதிரைக் குப்பையில் எறிந்தான். அரிசியை உலையில் போட்டான். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினான், இன்னொரு தரமும் கழுவினான். தாளித்த கடுகு மணத்துக்கும் வெங்காய மணத்துக்கும் அடியிலிருந்து, சுவரின் வெடிப்புகளுக்குள்ளிருந்து வருவது போல, சேற்றின் மணமும் ஈர வைக்கோல் புகையும் மெல்ல மெல்ல மேலெழுந்து அறையை நிறைத்தன. குழாய் தட்டிக்கொண்டேயிருந்தது. உலைமூடியும் சேர்ந்துகொண்டது. டொக்-டொக். டொக்-டொக்.

திரும்பினான். பலகையில் சிதறிக் கிடந்த கறிவேப்பிலை, இப்போது சிறு கட்டாக இருந்தது. ஒவ்வொரு ஈர்க்கும் ஒரே அளவு. ஒரே சாய்வு. நடுவில் வைக்கோலால் ஒரு கட்டு.

அவன் கட்டவில்லை.

“அண்ணை?” என்று கூப்பிட்டான். குழாய்ச் சத்தத்தில் அது அமிழ்ந்தது.

மேல்படியிலிருந்து தண்ணீர் வழிந்தது. மண்ணிறத் தண்ணீர். வாய்க்கால் சத்தம்.

காலடி. வெறுங்கால். சேற்றில் புதைந்து, எழுந்து, மறுபடி புதையும் கால்.

ஒரு பெண். முகம் இருட்டில். அணைத்த கையில் துணி. துணிக்குள், பிள்ளை போல, ஒரு கட்டு. மற்றக் கை மூடியிருந்தது.

மூடிய கை. உள்ளே என்ன?

“கையைத் திற.”

அவள் திறக்கவில்லை. ஒரு படி இறங்கினாள். இன்னொன்று.

“பிள்ளைக்கு...” என்றாள்.

தேங்காய் உடைக்கும் கத்தி அவன் கைக்கு வந்திருந்தது. எப்போது எடுத்தான்?

“என்ரை பிள்ளையைத் தரமாட்டன்!”

வெட்டினான். கழுத்தில். மறுபடியும்.

குழாய் நின்றது.

படி காய்ந்து கிடந்தது. தண்ணீர் இல்லை, சேறு இல்லை. கட்டு அவிழ்ந்து கிடந்தது. அவனுடைய பட்டு வேட்டி. சால்வை. மூடியிருந்த கை விரிந்தது. உள்ளே, அறுந்த சங்கிலியில், நிருபாவின் பஞ்சாயுதம்.

“வதனா?”

அவள் கண் திறந்துதான் இருந்தது. வாய் ஏதோ சொல்ல முயன்றது. அவன் பாய்ந்து அவள் கழுத்தைப் பொத்தினான். இரத்தத்தை எதிர்பார்த்தான்.

நெல்.

விரலிடுக்கால் நெல் கொட்டியது. வெதுவெதுப்பான, முற்றிய, பொன்னிற நெல். இறுக்கிப் பொத்தினான். வாயாலும் கொட்டியது. படியில் சரசரவென்று இறங்கியது. அவன் முழங்காலைச் சுற்றிக் குவிந்தது. அவள் மெலிந்துகொண்டிருந்தாள், வாய் அவிழ்ந்த சாக்குப் போல.

மேலே நிருபா வீரிட்டு அழுதாள். றெமிஜியஸ் அண்ணை தும்புத்தடியால் நிலத்தில் குத்தினார்.

டொக்.

“சிவா! என்னடா அங்கை சத்தம்?”

டொக்.

ஒவ்வொன்றாக.

டொக்.

சிவதர்சன் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு கையாலும் நெல்லை அள்ளி, அவள் கழுத்துக்குள் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தான்.